கண்ணாடி ஏறலையா? மோட்டாரை நாமே பார்ப்போம், நாமே மாற்றுவோம்!



தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ஆம் ஆண்டு நம் தர்மபுரி மாவட்டத்தில்தான் முதன்முதலில் தொடங்கின. அன்றைக்கு வங்கிப் படிவம் நிரப்பவே படிச்ச பிள்ளைகளைத் தேடி ஓடினோம். இன்றைக்கு நம்மில் சிலர் கடன் வாங்கி வண்டி ஓட்டுகிறோம். குழுப் பெண்கள் கிராமத்துச் சாலைகளில் பயணிகள் வண்டி ஓட்டுவதற்கென்றே 2017-ல் மத்திய அரசு ஆஜீவிகா கிராமீன் எக்ஸ்பிரஸ் திட்டத்தைக் கொண்டுவந்தது. வண்டி வந்தால் வருமானம் வரும். கூடவே பழுதுச் செலவும் வரும்.

எங்கள் கூட்டமைப்பு வண்டியில் நடந்ததைச் சொல்கிறோம். பழைய வண்டிதான். ஐப்பசி மாதம் ஒரு நாள், ராகி மாவும் சாமை அரிசியும் ஏற்றிக்கொண்டு விற்பனைக்குக் கிளம்பினோம். பாதி வழியில் மழை பிடித்தது. இடது பக்கக் கண்ணாடி இறங்கினது இறங்கினதுதான், ஏறவே இல்லை. சன்னல் ஓரம் இருந்த மாவுப் பொட்டலம் எல்லாம் நனைந்து வீணாகிப் போச்சு. நட்டம் மாவு அரைத்த உறுப்பினர்களுக்குத்தான்.

பழுது பார்க்கும் கடையில் கதவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "உள்ளே இருக்கிற செட்டையே மாத்தணும்" என்றார்கள். கேட்ட தொகை பொதுநிதியைக் கரைத்துவிடும் போலிருந்தது. அப்போது ஒரு உறுப்பினர் கேட்டார்: "ஏன்க்கா, மிக்ஸியில கார்பன் தேஞ்சா மிக்ஸியவே தூக்கிப் போடுறோமா? எது கெட்டுதுன்னு முதல்ல பார்ப்போமே!" பார்த்தோம். மோட்டார் மட்டும்தான் போயிருந்தது. அதை வாங்கி நாங்களே மாற்றினோம். எப்படி என்று பார்ப்போமா?

கண்ணாடி எப்படி ஏறி இறங்குகிறது?

கதவுக்குள் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் சின்ன மோட்டார் இருக்கிறது. பெரும்பாலும் அதற்கு இரண்டு ஒயர்தான். மின்சாரம் ஒரு பக்கமாகப் பாய்ந்தால் கண்ணாடி ஏறும், மாறிப் பாய்ந்தால் இறங்கும். மோட்டார் சுற்றும்போது ஒரு திருகுப் பல், பல்சக்கரத்தைத் திருப்புகிறது. அது கேபிளையோ இரும்புக் கையையோ இழுத்துக் கண்ணாடியை நகர்த்துகிறது. இழுக்கும் இந்த அமைப்புக்கு ரெகுலேட்டர் என்று பெயர். கண்ணாடி தானாகக் கீழே விழாமல் பிடித்திருப்பதும் மோட்டாரில் உள்ள இந்தத் திருகுப் பல்தான். இதை நினைவில் வையுங்கள்.

முதலில் பழுதைக் கண்டுபிடிப்போம்

1. ஒரு கண்ணாடிகூட வேலை செய்யவில்லையா? ஃப்யூஸ் போயிருக்கலாம். அதே ஆம்பியர் ஃப்யூஸ்தான் போட வேண்டும். வீட்டில் செய்வதுபோல் செம்புக் கம்பி சுற்றாதீர்கள், ஒயர் எரிந்துவிடும். ஓட்டுநர் பக்கம் இருக்கும் பூட்டுப் பொத்தான் அழுந்தி இருந்தாலும் மற்றக் கண்ணாடிகள் அசையாது.

2. ஸ்விட்சை அழுத்தினால் மோட்டார் ஓடும் சத்தம் வருகிறது, கண்ணாடி மட்டும் அசையவில்லையா? கேபிளோ பல்லோ அறுந்திருக்கும். மோட்டார் மேல் குற்றமில்லை.

3. சத்தமே இல்லையா? வண்டிக்குள் எரியும் சிறு விளக்கைப் போட்டுவிட்டு ஸ்விட்சை அழுத்துங்கள். விளக்கு கொஞ்சம் மங்கினால், மின்சாரம் போகிறது, மோட்டார் சிக்கி நிற்கிறது என்று பொருள். மங்கவே இல்லை என்றால் ஸ்விட்ச், ஒயர், மோட்டார் மூன்றையும் பார்க்க வேண்டும். கதவுக்கும் வண்டிக்கும் நடுவே ரப்பர் குழாயில் போகும் ஒயர், கதவைத் திறந்து மூடியே அறுந்து போவதுண்டு.

4. அழுத்திக்கொண்டே கதவைக் கையால் தட்டினால் ஓடுகிறதா? உள்ளே கார்பன் தேய்ந்திருக்கும். மோட்டார் போகப் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

5. கதவு அட்டையைக் கழற்றிய பிறகு மோட்டாருக்கு வரும் இரண்டு ஒயரிலும் 12 வோல்ட் பல்பை வைத்து, ஸ்விட்சை அழுத்திப் பாருங்கள். பல்பு எரிந்தும் மோட்டார் ஓடாவிட்டால் மோட்டார்தான் பழுது.

மாற்றும் முறை

1. சமதளத்தில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். சோதிக்கும்போது மட்டும் மாட்டிக்கொள்ளலாம்.

2. இரண்டு பேராகக் கண்ணாடியை மேலே தூக்கி, அகலமான டேப்பால் கதவுச் சட்டத்தோடு சேர்த்து ஒட்டுங்கள். மோட்டாரைக் கழற்றினால் கண்ணாடியைப் பிடிக்க வேறெதுவும் இல்லை. விழுந்தால் விரல் நசுங்கும்.

3. கைப்பிடிக்குப் பின்னும் கைவைக்கும் இடத்திலும் ஸ்க்ரூ மறைந்திருக்கும், கழற்றுங்கள். கதவு அட்டையின் ஓரத்தில் துணி சுற்றிய தட்டையான ஸ்க்ரூ டிரைவரை விட்டு, ஒவ்வொரு கிளிப்பாக நெம்புங்கள். அட்டையை மேல்நோக்கித் தூக்கி எடுத்து, ஸ்விட்ச் ஒயரைப் பிடுங்குங்கள்.

4. அடுத்து ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மெதுவாக உரியுங்கள். நாங்கள் அவசரத்தில் கிழித்துவிட்டோம். அடுத்த மழைக்குக் கால் வைக்கும் இடமெல்லாம் தண்ணீர்! புதுத் தாள் ஒட்டிய பிறகுதான் நின்றது.

5. மோட்டாரின் ஒயரைப் பிடுங்கி, அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைக் கழற்றி எடுங்கள். கேபிள் வகையில், கேபிள் சுற்றிய உருளை வெளியே வராமல் ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். வந்துவிட்டால் நூல்கண்டு சிக்கியதுபோல் ஆகிவிடும்.

6. பழைய மோட்டாரைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். இடது கதவுக்கும் வலது கதவுக்கும் மோட்டார் வேறு வேறு. பல்லும், ஒயர் மாட்டும் இடமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தே பணம் கொடுங்கள்.

7. புதியதை மாட்டி, டேப்பை எடுத்து, பேட்டரியை இணைத்து, கை உள்ளே இல்லாதபோது ஸ்விட்சைப் போட்டுப் பாருங்கள். சரியாக ஓடினால் மட்டும் தாளையும் அட்டையையும் மூடுங்கள்.

இதைச் செய்ய வேண்டாம்

இரும்புக் கை வகை ரெகுலேட்டரில் பெரிய சுருள் ஸ்பிரிங் இருக்கும். மோட்டாரைக் கழற்றியதும் அந்தக் கை சீறிக்கொண்டு வந்து விரலை வெட்டிவிடும். கதவுப் பக்கம் காற்றுப்பை உள்ள வண்டியும் ஆபத்து. இவை இரண்டையும் மெக்கானிக்கிடமே கொடுங்கள். ஆனால் எது பழுது என்று கேட்டு, பழைய பாகத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

மீண்டும் பழுதாகாமல் இருக்க

எங்கள் மோட்டார் போனதற்குக் காரணம் புழுதி. கண்ணாடி ஓடும் ரப்பர் தடத்தில் மண் அடைத்து, மோட்டார் திணறித் திணறியே போய்விட்டது. மாதம் ஒருமுறை ஈரத்துணியால் தடத்தைத் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ், தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண் இன்னும் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி நின்றுபோனால் ஸ்விட்சை விடாமல் அழுத்தாதீர்கள். மோட்டார் சூடாகிவிடும். கால்மணி நேரம் ஆறவிட்டுப் பாருங்கள்.

முக்கியமான ஒன்று. வண்டியில் குழந்தைகளை விட்டுச் சாவியை வைத்துவிட்டுப் போகாதீர்கள். தலையை வெளியே நீட்டும் பிள்ளை தெரியாமல் ஸ்விட்சை மிதித்தால் கண்ணாடி கழுத்தை நெரித்துவிடும். பூட்டுப் பொத்தானைப் போட்டு வைப்பது நல்லது.

சகோதரிகளே, ஸ்பேனர் செட்டும் 12 வோல்ட் பல்பும் குழுவுக்குப் பொதுவாக வாங்கி வைத்தால் எல்லோருக்கும் உதவும். பாஸ்புக்கைப் படிக்கத் தெரிந்த பிறகு கணக்கில் யாரும் நம்மை ஏமாற்ற முடியவில்லை அல்லவா? கதவைத் திறந்து பார்க்கத் தெரிந்தால் வண்டியிலும் அப்படித்தான்.

கற்போம்! கற்றதைக் குழுவில் சொல்லிக் கொடுப்போம்!