பயன்படுத்துவோரைப் படிக்கும் தொழில்

வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்றால் நம் பெற்றோர்க்கு உடனே விளங்கும். "மூத்த பயனர் ஆய்வாளர்" என்னும் உத்தியோகப் பெயரைக் கேட்டால் அவர்கள் திகைப்பர். எனினும், இத்தொழிலின் அடிப்படைக் கருத்து யாழ்ப்பாணத்தாருக்குப் புதியதன்று.

1886ஆம் ஆண்டு சுண்டிக்குளியிற் பிறந்த ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சு யந்திரத்தின் தந்தை எனப் போற்றப்படுபவர். ஆங்கிலத்திலே எழுத்துக்கள் 26, தமிழிலோ 247. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி விசை வைத்தால் மனிதரின் பத்து விரல்கள் யாது செய்யும்? ஆகவே அவர் எழுத்துக்களை உறுப்புக்களாகப் பிரித்து, புள்ளி, விசிறி போன்ற குறிகளுக்குத் தட்டியும் தாள் நகராத விசைகளை அமைத்தார். மனிதர் கருவிக்கேற்ப வளையாது, கருவியே மனிதர்க்கேற்ப அமைய வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

இன்று அரச கருமங்கள் பல கணினித் திரைக்கு வந்துவிட்டன. 2011இல் பிரித்தானிய அரசு இதற்கென அமைத்த தனி நிறுவனம், "பயன்படுத்துவோர் தேவையிலிருந்து தொடங்குக" என்பதையே தன் முதற் கொள்கையாக்கியது. அத்தேவையைக் கண்டறிபவரே பயனர் ஆய்வாளர். அவர் ஒருவரைத் திரைமுன் இருத்தி, ஒரு விண்ணப்பத்தை நிரப்பச் சொல்வார். உதவி செய்யாது, எங்கே விரல் தயங்குகிறது, எச்சொல்லிலே கண் நிற்கிறது என்று கவனிப்பார். "பிடித்திருக்கிறதா?" என்று வினவினால், நம்மவர் மரியாதைக்காக "ஓம்" என்றே சொல்லிவிடுவர், கண்டறிவதே மெய். மூத்தவரோ ஆய்வைத் திட்டமிட்டு, இளையோரை வழிநடத்தி, கண்ட குறையை மேலதிகாரிகளிடம் அஞ்சாது எடுத்துரைப்பார்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். "குடும்பப் பெயர்" என்றொரு கட்டம் படிவங்களில் வருகிறது. நமக்கோ தந்தையின் பெயரும் தன் பெயருமே உண்டு. ஓர் ஆச்சி ஒரு படிவத்திலே தந்தையின் பெயரையும், மற்றொன்றிலே கணவரின் பெயரையும் எழுதுகிறார். பின்னர் இரண்டும் பொருந்தவில்லையென்று பத்திரம் திரும்பி வருகிறது. அடுத்த முறை, அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் முன்பின் அறியாத ஒருவர் கையிற் கொடுத்து நிரப்புவிக்கிறார். அவரது அந்தரங்கம் அன்றே போயிற்று. பழியோ, "ஆச்சிக்கு விளங்காது" என்று அவர்மீதே விழுகிறது. உண்மையில் விளங்காதது ஆச்சிக்கன்று, படிவத்தை வரைந்தவர்க்கே.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால், சொல்லைத் தமிழாக்கினால் மட்டும் போதாது. தமிழர் வாழ்க்கையும் அப்படிவத்திற்குள் அடங்க வேண்டும்.

மாணவர்களே, இத்தொழிலுக்குக் கணிதமேதை வேண்டியதில்லை. உளவியல், சமூகவியல், மொழி கற்றவரும் இதிலே சிறக்கலாம். பொறுமையும், கூர்ந்த செவியும், பிறரை அறிவிலி என்று எண்ணாத பண்புமே முதற்றகுதிகள். இவை பட்டத்தோடு வருபவையல்ல, வீட்டிலேயே பயிலத்தக்கவை.