ஹைக்கூ மலைப்படிகள்

ஹவாயிலுள்ள ஓவாகுத் தீவின் 'ஹைக்கூப் படிகள்' பற்றி வகுப்பிலே கூறினேன். மாணாக்கர் உடனே யப்பானியரின் மூவடிப் பாடலை நினைத்தனர். அதுவன்று, ஹைக்கூ என்பது ஆங்குள்ள பள்ளத்தாக்கின் ஹவாய்மொழிப் பெயர். யப்பானியர் தொடர்பு வேறு வழியால் வந்தது. 1941 டிசெம்பரில் அவர்கள் அத்தீவின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கினர். பசிபிக் எங்கணும் பரந்து நின்ற கப்பல்களோடு பேச அமெரிக்கக் கடற்படைக்கு வலியதொரு வானொலி நிலையம் வேண்டியதாயிற்று.

மிக நீண்ட அலைகளே கடல்நீரினுள்ளும் சிறிது புகவல்லன. அவற்றை எழுப்ப நெடுங்கம்பிகளை உயரத்தே தொங்கவிடல் வேண்டும். அதற்குக் கோபுரம் எங்கே? இயற்கையே இருமருங்கும் மதில்போல் மலையை நிறுத்தியிருந்தது. 1942இல் பாறையில் இரும்பு முளை அறைந்து ஏறினர். பின் மரஏணிகளைத் தொடுத்தனர். பள்ளத்தாக்கின் குறுக்கே முகட்டுக்கு முகடு கம்பி கட்டினர். 1943இல் நிலையம் இயங்கலாயிற்று. பிற்காலத்தில் மரம் போய் உருக்கு வந்தது: 3,922 படிகள், ஏறத்தாழ 2,800 அடி உயரம். சிலவிடங்களில் அது ஏணியே; படி என்பது உபசார வழக்கு.

1987இல் பொதுமக்களுக்கு வழி அடைக்கப்பட்டது. 1997இல் அங்கு இயங்கிய ஒமேகா வழிகாட்டு நிலையமும் ஓய்ந்தது. ஆயினும் இளைஞர் இருளிலே வேலி தாண்டி ஏறினர், அயலவர் உறக்கமிழந்தனர். அகற்றுவதென 2021இல் ஹொனலூலு நகரசபை தீர்மானித்தது; 2024இல் கழற்றும் பணி தொடங்கிற்று. அயலவர் முறைப்பாடு நியாயமே. எனினும் வாயிற்காவல் வைத்து, கட்டணம் பெற்று, பகலில் மட்டும் ஏறவிட்டிருக்கலாம் என்பதே என் துணிபு.