குதிருக்குள் ஒரு கலைக்கூடம்!

நெல் கொட்டி வைக்கும் குதிரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வீட்டு மூலையில் நிற்கும். மேலே வாய். கீழே நெல் எடுக்க ஒரு துளை.

அந்தக் குதிர் 100 அடிக்கு மேல் உயரமாக இருந்தால்? அப்படி 42 குதிர்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நின்றால்?

தென் ஆப்பிரிக்காவில், கேப்டவுன் துறைமுகத்தில் அப்படி ஒரு கட்டிடம் இருக்கிறது. இப்போது அதற்குள் தானியம் இல்லை. படங்களும் சிலைகளும் இருக்கின்றன!

கப்பலுக்குப் போன சோளம்

வெள்ளைக்காரர் ஆட்சியில், 1924-ம் ஆண்டு அதைக் கட்டி முடித்தார்கள். முழுவதும் கான்கிரீட். கோபுரத்தின் உயரம் 187 அடி.

உள்நாட்டில் விளைந்த மக்காச்சோளமும் கோதுமையும் ரயிலில் வந்து இறங்கும். எந்திரம் அதை மேலே தூக்கும். தரம் பிரித்து, உருளை உருளையாக நிற்கும் கான்கிரீட் குதிர்களில் கொட்டுவார்கள். கப்பல் வந்ததும் ஏற்றி அனுப்புவார்கள்.

பிறகு காலம் மாறியது. சரக்குப் பெட்டிகளில் அடைத்து அனுப்பும் முறை வந்தது. குதிர்களுக்கு வேலை இல்லை. 2001-ம் ஆண்டு கிடங்கை மூடிவிட்டார்கள்.

இடிப்பதா? இடிக்க மனம் வரவில்லை. வைத்திருப்பதா? எதற்கு வைத்திருப்பது? உள்ளே ஒரு கூடம் கிடையாது. ஜன்னல் கிடையாது. பத்துப் பேர் சேர்ந்து நிற்க இடம் கிடையாது. எல்லாம் குழாய், குழாய், குழாய்!

ஒரு சோள மணி

ஆப்பிரிக்க ஓவியர்களுக்கு ஒரு பெரிய கலைக்கூடம் வேண்டும் என்ற பேச்சு அப்போது எழுந்தது. இந்தக் கிடங்கையே அதற்கு எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். வேலை, இங்கிலாந்தைச் சேர்ந்த வடிவமைப்பாளர் தாமஸ் ஹெதர்விக்கிடம் வந்தது.

குழாய்களை எல்லாம் அகற்றிவிட்டு, வெளிச்சுவரை மட்டும் வைத்துக்கொண்டால் வேலை சுலபம். ஆனால் அப்புறம் அது பழைய கிடங்கு ஆகுமா? வெறும் முகமூடி அல்லவா!

ஹெதர்விக் வேறு வழி கண்டார். ஒரே ஒரு மக்காச்சோள மணியை எடுத்தார். கணிப்பொறி மூலம் அதன் உருவத்தை அளந்தார். அதைச் சுமார் 90 அடி உயரத்துக்குப் பெரிதாக்கினார். அந்த வடிவத்தில், கட்டிடத்தின் நடுவயிற்றைக் குடைந்து எடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்!

சொல்வது சுலபம். குழாய்களின் சுவர் 7 அங்குல கனம்கூட இல்லை. கண்டபடி அறுத்தால் இடிந்து தலையில் விழும். எனவே முதலில் குழாய்களுக்கு உட்புறம் புதிதாகக் கான்கிரீட் பூசிக் கெட்டிப்படுத்தினார்கள். எங்கே வெட்ட வேண்டும் என்பதற்கு ஆயிரக்கணக்கான இடங்களில் ஆணி அடித்து அடையாளம் வைத்தார்கள். அதன் பிறகுதான் ரம்பம் வைத்து அறுத்தார்கள். வெட்டுப்பட்ட விளிம்புகளைக் கண்ணாடி போல் மெருகேற்றினார்கள். பழைய கான்கிரீட்டின் சொரசொரப்பை அப்படியே விட்டுவிட்டார்கள்.

உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், நறுக்கிய வாழைத்தண்டுகளை நட்டு வைத்தது போல் குழாய்கள் தெரியும். அவற்றின் தலையில் கண்ணாடி மூடி. அதன் வழியே வெயில் இறங்குகிறது. ஒரு குழாய்க்குள் சுழல் படிக்கட்டு. இன்னும் சிலவற்றில் வட்டமான லிப்ட்!

செலவு 50 கோடி ராண்டு. (ராண்டு என்பது அந்த நாட்டு நாணயம்.)

2017 செப்டம்பரில் கலைக்கூடத்தைத் திறந்தபோது, நடுக்கூடத்தில் பிரம்மாண்டமான பறவை ஒன்று சிறகு விரித்துத் தொங்கியது. நிக்கோலஸ் ஹ்லோபோ என்ற தென் ஆப்பிரிக்கக் கலைஞர் செய்தது. எதனால் செய்தார் தெரியுமா? டயருக்குள் இருக்கும் ரப்பர் டியூபால்! இடியும் மின்னலும் கொண்டுவரும் பறவை ஒன்று அவருடைய ஹோசா மக்களின் பழங்கதையில் உண்டு. அதுதான் இது.

யாருக்காக?

அதிசயம்தான். ஆனால் முணுமுணுப்பும் எழுந்தது. அதில் நியாயமும் இருந்தது.

தென் ஆப்பிரிக்காவில் 1994 வரை நிறவெறி ஆட்சி நடந்தது. கறுப்பின மக்கள் எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்பதை எல்லாம் சட்டம் போட்டு அடக்கினார்கள். அவர்களுடைய ஓவியங்களுக்குப் பெரிய கலைக்கூடங்களில் இடம் கிடைப்பது அரிதாக இருந்தது. நெல்சன் மண்டேலாவை 18 ஆண்டுகள் அடைத்து வைத்திருந்த ராபன் தீவுக்குப் படகு புறப்படுவதும் இதே துறைமுகத்திலிருந்துதான்.

அப்படிப்பட்ட இடத்தில், ஆப்பிரிக்கக் கலைக்கு எழுந்த மாளிகைக்கு ஜெர்மனி நாட்டுக்காரரான யோகன் சைட்சின் பெயர்! அவர் சேகரித்த படங்களை நீண்ட கால இரவலாகக் கொடுத்ததால் வந்த பெயர் அது. கோபுரத்தின் மேல் மாடிகளிலோ பணக்காரர்கள் தங்கும் ஓட்டல். சுற்றிலும் பகட்டான கடைகள். கூலி வேலை செய்யும் குடும்பம் கூச்சமில்லாமல் உள்ளே வருமா? 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் கட்டணம் மட்டுமா ஆளைத் தடுக்கிறது?

வீட்டுப் படங்கள் வந்தன

2019-ம் ஆண்டு கோயோ குவோ என்ற பெண்மணி தலைமைப் பொறுப்புக்கு வந்தார். கேமரூன் நாட்டில் பிறந்தவர்.

அடுத்த ஆண்டே கொரோனா வந்தது. கலைக்கூடம் பல மாதங்கள் மூடிக் கிடந்தது. 2020 அக்டோபரில் திறந்தபோது அங்கே புதுமையான கண்காட்சி. “உங்கள் வீட்டில் இருக்கும் படத்தைக் கொண்டு வாருங்கள், இங்கே மாட்டுகிறோம்” என்று கேப்டவுன் மக்களை அழைத்திருந்தார்கள்!

சுமார் 2,000 படைப்புகள் வந்து குவிந்தன. பேர் பெற்றவர், பெறாதவர் என்ற பேதமில்லை. சோளத்தை வாங்கிய கட்டிடம், ஊராரின் வீட்டுச் சுவர்களில் இருந்ததை வாங்கிக்கொண்டது. ஹெதர்விக்கின் ரம்பம் செய்ததைவிட இதுதான் பெரிய வேலை என்பேன்.

2022-ல் குவோ இன்னொரு கண்காட்சி வைத்தார். கறுப்பின மக்களைக் கறுப்பின ஓவியர்களே நூறு ஆண்டுகளாக வரைந்த படங்கள். சமைப்பவர், உறங்குபவர், ஆடுபவர் என்று அன்றாட வாழ்க்கை. அந்தக் கண்காட்சி பிறகு ஐரோப்பாவுக்கும் போனது.

வெனிஸ் நகரில் 2026-ல் நடக்க இருந்த உலகக் கலை விழாவுக்குக் குவோவைக் கலை இயக்குநராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் 2025 மே மாதம் அவர் காலமானார். வயது 57. அவர் கண் மூடியபோது, கேப்டவுனிலிருந்து போன அந்தக் கண்காட்சி பெல்ஜியத்தில், பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்துகொண்டிருந்தது.