வைத்தியத்திற்கு ஒரு வழி

மதுரையைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களில், கண்புரையால் பார்வை மங்கிய முதியோர் சிலர், இலவச சிகிச்சை இருந்தும் வீட்டிலேயே முடங்கிவிடுவது ஏன்? வைத்தியம் இலவசமேயாயினும் பிரயாணத்திற்குச் செலவு உண்டு. வழியில் உணவு வேண்டும். துணைக்கு வருபவர் அன்றைய கூலியையும் இழக்க நேரிடும்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள் 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் மதுரையில் நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனை, இத்தடையை நன்குணர்ந்து செயலாற்றி வருகிறது. கிராம முகாமில் அறுவை சிகிச்சை தேவையெனக் கண்டவர்களை, 'பிறகு வாருங்கள்' எனத் திருப்பி அனுப்பாமல், அன்றே பஸ்ஸில் அழைத்துச் செல்கின்றனர். உணவும், தங்குமிடமும், ஊர் திரும்பும் பிரயாணமும் இலவசமே. பின்னர் நடைபெறும் மறுபரிசோதனைக்கும் மருத்துவக் குழுவே முகாம் நடந்த இடத்திற்கு வருகிறது. சிற்றூர்களை அடுத்து அமைக்கப்பெற்ற பார்வை மையங்களில், பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிக்க, நகரிலுள்ள டாக்டர் காணொளி வாயிலாக ஆலோசனை கூறுகிறார். இதனால் பலருக்கு நகரப் பிரயாணமே தேவைப்படுவதில்லை.

பிற நோய்களுக்கும் இம்முறை பொருந்தும். 108 ஊர்தி அவசர நோய்க்கே உரியது. நாள் குறித்துச் செல்லும் பரிசோதனைக்கு அதனை எதிர்பார்த்தல் ஆகாது. எனவே ஊராட்சி மன்றத்தார் நோயாளிகளின் பட்டியலைத் தயாரித்து, மருத்துவமனையுடன் முன்கூட்டியே பேசி, அனைவருக்கும் ஒரே நாளைக் கேட்டுப் பெறலாம். ஐவர் சேர்ந்து செல்லின் துணைக்கு ஒருவர் போதும். மற்ற நால்வரின் கூலி வீட்டிற்கு மிஞ்சும். ஊர் கூடி ஒரு வண்டி அமர்த்தினால், ஒரு முதியவர் மீண்டும் உலகைக் காண்பார்.