நஞ்சையில் வீடு கட்டப் போகிறீர்களா?

தை அறுவடை முடிந்து, நெல் போட்ட பணம் கைக்கு வந்ததும் வீட்டு வேலையைத் தொடங்க நினைப்பது விவசாயிகளின் இயல்பு. பெரியாறு கால்வாயில் தண்ணீர் நின்றிருக்கும், வயலும் காய்ந்திருக்கும். திருவாதவூர்ப் பக்கம் ஊருக்குள் மனை கிடைக்காதவர்கள் தங்கள் வயலிலேயே ஐந்து சென்ட் ஒதுக்கி, நல்ல நாள் பார்த்து வானம் தோண்டிவிடுகிறார்கள். "என் நிலத்தில் நான் கட்டுகிறேன், இதில் யாரைக் கேட்க வேண்டும்?" என்பது அவர்கள் எண்ணம். கேட்க வேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். கேட்க வேண்டியவற்றுள் மண்ணும் ஒன்று.

முதலில் சிட்டாவை எடுத்துப் பாருங்கள். நிலம் நஞ்சை என்றிருக்கிறதா, புஞ்சை என்றிருக்கிறதா? கிராம நத்தத்தில் இடம் இருந்தால் தொல்லை குறைவு. அது குடியிருப்புக்கென்றே ஒதுக்கப்பட்ட நிலம். விவசாய நிலம் அப்படியன்று. 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டமும், அதன் கீழ் 2017-இல் வந்த விதிகளும், விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற நகர் ஊரமைப்புத் துறையின் முன் இசைவு வேண்டும் என்கின்றன. நஞ்சையாக இருந்தால் கலெக்டரின் இசைவும் தேவை. நகரத் திட்டப் பகுதிக்குள் வரும் நிலத்துக்கு நடைமுறை வேறு. உங்கள் சர்வே எண் எதற்குள் வருகிறது என்பதை ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இசைவு பெறாமல் கட்டினால் என்ன ஆகும்? அன்றைக்கே யாரும் வந்து தடுக்காமல் போகலாம். வங்கியில் வீட்டுக் கடன் கேட்கும்போதும், மின் இணைப்புக்கு எழுதிக் கொடுக்கும்போதும், பிள்ளைகள் காலத்தில் விற்க நினைக்கும்போதும்தான் அது தலையெடுக்கும். புஞ்சையிலோ மேட்டு நிலத்திலோ ஒரு மூலை இருந்தால், வீட்டை அங்கே கட்டுவதே மேல் என்பது என் கருத்து. கால்வாய்ப் பாய்ச்சல் உள்ள மண்ணை மறுபடி உண்டாக்க முடியாது.

அடுத்தது, நிலம் உண்மையில் யாருடையது என்பது. அண்ணன் தம்பி மூவர். தகப்பனார் விட்டுப்போன 90 சென்ட். பட்டா கூட்டுப் பட்டா. ஆளுக்கு 30 சென்ட் என்று வாய்ப் பேச்சில் பிரித்து, வரப்பும் போட்டு, இருபது வருடமாக உழுது வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவிலவர் தம் பங்கில் வீடு கட்டுகிறார். சட்டத்தின் கண்ணில் அந்த வரப்புக்கு மதிப்பு இல்லை. பதிவு செய்யாத வெள்ளைத்தாள் பாகப் பத்திரத்தை நம்பி லட்சக்கணக்கில் செலவு செய்வது ஆபத்து. கூடப்பிறந்த பெண்களுக்கும் பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை பிறப்பிலேயே உண்டென்று, 2005-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்தை ஒட்டி, உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. "தங்கச்சிக்குச் சீர் செய்தாயிற்று" என்பது கோர்ட்டில் பதில் ஆகாது. ஆகவே எல்லோரும் கையெழுத்திட்ட பாகப் பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்து, சர்வேயரைக் கொண்டு உட்பிரிவு செய்து, தனிப் பட்டா பெற்ற பிறகே வானம் தோண்டுங்கள். அரசின் வீட்டு வசதித் திட்டங்களுக்கும் இது உதவும். 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.50 லட்சம் அறிவித்தபோதும் பயனாளியிடம் பட்டா இருக்க வேண்டும் என்றே கேட்டார்கள்.

மனை வாங்கிக் கட்டுவோருக்கு இரண்டு வார்த்தை. பட்டா மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது. தாய்ப் பத்திரங்களை வரிசையாகப் பாருங்கள். 30 ஆண்டுக்காவது வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இடம் கோயில் நிலமா என்றும் விசாரியுங்கள். திருமறைநாதர் கோயில் உள்ள ஊரில் இது வெறும் சந்தேகம் அன்று. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியில்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அந்த விற்பனை செல்லாது. ஓவாமலையில் சமணர் படுக்கையும் தமிழ் பிராமிக் கல்வெட்டும் இருக்கின்றன. மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்ட முடியாது; அதற்கப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி வேண்டும். மலையை ஒட்டி மனை பார்ப்போர் அட்வான்ஸ் கொடுக்குமுன் கேட்டுவிடுவது நல்லது.

புலப்படத்தை வாங்கி, சர்வே கல்லைக் கண்டுபிடித்து அளந்து பாருங்கள். கண்மாய்ப் புறம்போக்கிலோ வாய்க்கால் புறம்போக்கிலோ ஓரடி ஏறினாலும் அந்த ஓரடி உங்களுடையது ஆகாது. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. வாய்க்கால் கரை மேல் செங்கல் லாரி போனது என்பதற்காக அது உங்கள் வீட்டுப் பாதை ஆகிவிடாது. மனையை மேடாக்கும்போது பக்கத்து வயலுக்குப் போகும் மடையை அடைத்துவிட்டு, புரட்டாசியில் தண்ணீர் வந்ததும் அரிவாளோடு நிற்பவர்களைப் பார்க்கிறோம். மேடாக்குவதற்காகத் தாசில்தார் அனுமதியின்றிக் கண்மாய் மண்ணை அள்ளினால் வண்டியும் போகும், அபராதமும் வரும்.

கட்டட அனுமதி இப்போது முன்போலக் கடினம் இல்லை. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி தரப்படுகிறது. ஆனால் சான்று தருவது நீங்கள்; தவறான விவரம் கொடுத்தால் பொறுப்பும் உங்களுடையதே. மழைநீர் சேகரிப்பு அமைப்பு 2003 முதல் கட்டாயம்.

இனி மண்ணுக்கு வருவோம். நெல் வயலில் ஓரடி தோண்டியதும் கடப்பாரை 'ணங்'கென்று நிற்கும். "கெட்டி மண் வந்துவிட்டது, போதும்" என்று கொத்தனார் சொல்வார். அதை நம்பாதீர்கள். ஆண்டாண்டாகச் சேற்றுழவு செய்ததால் கலப்பை போகும் ஆழத்துக்குக் கீழே இறுகிப்போன தட்டு அது. சில அங்குல கனமே இருக்கும். அதன் கீழே மறுபடி இளகிய மண் இருக்கலாம். மனையின் இரண்டு மூலைகளில் ஆறடி ஆழத்துக்குக் குழி எடுத்து, அடுக்கடுக்காக மண்ணைக் கண்ணால் பாருங்கள்.

களிமண்ணா என்றறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஈரப்படுத்திய மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்துத் தேய்த்தால் உடையாமல் நாடாவாக நீள்கிறதா? சித்திரை வெயிலில் வயல் பாளம் பாளமாக வெடிக்கிறதா? வெடிப்பில் சைக்கிள் கம்பியை விட்டு ஆழத்தை அளவெடுங்கள். கம்பி முழுவதும் போனால் நீளமான கம்பி ஒன்று தேடுங்கள். அந்த ஆழத்துக்கும் கீழே போய் நிற்க வேண்டும் கடைக்கால். இத்தகைய மண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். மேலே நிற்கும் சுவர் அதோடு ஏறி இறங்கிக் குறுக்கே வெடிக்கும். கடைக்காலின் அடியிலும் இரு பக்கங்களிலும் களியை எடுத்துவிட்டு மணலோ கிராவலோ இட்டு, பேஸ்மட்டத்தின் மேல் வீட்டைச் சுற்றிலும் கம்பி கட்டிய கான்கிரீட் பெல்ட் ஓட்டினால் பெரும்பாலும் தாங்கும். வெடிப்பு மிக ஆழம் என்றால் அடி அகன்ற பைல் கடைக்கால் போடுவது உண்டு. அதற்கு இன்ஜினியரின் கணக்கு வேண்டும். எங்கள் மண் பரிசோதனை அறிக்கையைக் காட்டி, "இதில் எத்தனை மாடி கட்டலாம்?" என்று சிலர் கேட்கிறார்கள். அது தழை, மணி, சாம்பல் சத்துகளைச் சொல்லும். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று சொல்லாது.

பக்கத்து வயலில் நடவு நடந்து தண்ணீர் தேங்கி நிற்கும் மாதங்களில் நிலத்தடி ஈரம் மேலே ஏறி வரும். வயலில் கட்டிய வீடுகளில் சுவர் இரண்டடி உயரத்துக்குப் பூத்துப் பொரிந்து உதிர்வதற்கு இதுவே காரணம். வயல் வரப்புக்கு மேல் இரண்டரை அடியாவது பேஸ்மட்டம் எழுப்பி, அதன் தலையில் 1:3 சிமென்டுக் கலவையில் நீர்க்காப்புப் பொடி சேர்த்து ஓர் அங்குலம் இடைவிடாமல் பூசிவிடுங்கள். உள்ளே நிரப்ப வயல் சேறு கூடாது. அதிலுள்ள தாளும் வேரும் மக்கினால் தரை உள்வாங்கும், கரையானும் வரும். கிராவல் கொட்டி, அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் விட்டு இடியுங்கள்.

வரப்பில் வெள்ளையாக உப்புப் பூக்க வைக்கும் கிணற்று நீரைக் கான்கிரீட்டில் ஊற்றினால் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். ஒரு மூட்டை சிமென்டுக்குக் கான்கிரீட்டில் 25 முதல் 27 லிட்டர் தண்ணீர் போதும். கொழகொழவென்று ஊற்றினால் கலக்குவது சுலபம், பலம் போய்விடும். சாம்பல் கலந்த சிமென்டானால் பத்து நாளாவது நனைக்க வேண்டும்.

நனைக்கப் பம்புசெட்டைப் போடுமுன் யோசியுங்கள். இலவச மின்சாரம் பயிருக்குத் தந்தது. அதை வீட்டு வேலைக்குத் திருப்பினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவின்படி இரு மடங்குக் கட்டணம் கணக்கிடுவார்கள். தற்காலிக இணைப்பு வாங்கிக்கொள்ளுங்கள்.

பணத்தைப் பற்றியும் ஒன்று. பயிர்க்கடனை வாங்கிக் கூரைக்குக் கம்பி வாங்குவது பரவலாக நடக்கிறது. குதிரை வாங்கக் கொடுத்த பணத்தில் கோயில் கட்டிய மாணிக்கவாசகர் பிறந்த ஊர்தான் திருவாதவூர். அவருக்காக நரியைப் பரியாக்க இறைவனே வந்தான். கூட்டுறவுச் சங்கத்தில் அந்தக் கணக்கு செல்லாது. தவணை தவறினால் வட்டிச் சலுகையும் போய், அடுத்த போகத்துக்குக் கடனும் கிடைக்காது. கையிலிருப்பதற்குத் தக்கபடி ஓர் அறையும் சமையற்கட்டும் முதலில் முடித்து, மாடிக்கு வேண்டிய பலத்தைக் கடைக்காலிலேயே கொடுத்து வையுங்கள். கொத்தனாரோடு பேசியதைக் கூலி, பொருள், தவணை என்று பிரித்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முன்பணமாகப் பெருந்தொகை கொடுக்க வேண்டாம்.

கழிப்பறைத் தொட்டியைக் கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாமல் தள்ளி அமையுங்கள். கால்வாய் ஓடும் மாதங்களில் நிலத்தடி நீர் எவ்வளவு மேலே வருகிறது என்று பக்கத்துக் கிணற்றில் பார்த்துவிட்டு உறிஞ்சு குழியின் ஆழத்தை முடிவு செய்யுங்கள். அந்த நீர்மட்டத்துக்கு ஆறடியாவது மேலே குழியின் அடி நிற்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் குழியை மேட்டில் வைத்துக் கட்டத்தான் வேண்டும்.