நொடிக்கு ஒரு வாளித் தண்ணீர்

தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். எட்டு வருடம் ஓடிய பெட்ரோல் கார். ஐப்பசி மழைக்கு முன் சர்வீஸுக்கு விட்டிருக்கிறார். “நாலு டயரையும் மாத்திடுங்க சார்” என்று மெக்கானிக் சொல்லிவிட்டாராம். நாலுக்கும் சேர்த்து இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. புதுப்பேட்டையில் செகண்ட்ஸ் டயர் பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். பட்டன் நன்றாக இருந்தால் வாங்கலாமா, இரண்டை மட்டும் மாற்றினால் சட்டப்படி தவறா, ஜிஎஸ்டி குறைந்ததே, விலையில் பத்து சதவீதம் குறைத்துக் கேட்கலாமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. வரியில்லாத விலை 4,000 ரூபாய் என்றால் முன்பு 5,120 கொடுத்தோம், இப்போது 4,720. அதாவது விலையில் எட்டு சதவீதம்கூடக் குறையவில்லை. “பத்து சதவீத வரிக்குறைப்பு” என்று பேனர் வைத்தால் அந்தக் கணக்கு தப்பு. இருந்தாலும் நாலு டயருக்கு 1,600 ரூபாய் மிச்சம். அதை ரசீதில் பார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் மழைத் தண்ணீரில் இருக்கிறது.

டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளைப் பட்டன் என்கிறோம். சாலையைப் பிடித்துக்கொள்வது அவைதான் என்று நினைக்கிறோம். ஆனால் காய்ந்த சாலையில் பள்ளமே தேவையில்லை. பந்தயக் கார்கள் வெயிலில் மொட்டை டயரில்தான் ஓடுகின்றன. பட்டனுக்கும் பட்டனுக்கும் இடையிலுள்ள பள்ளம் முக்கியமாக மழைக்காக வெட்டப்பட்டது. அதனால்தான் சித்திரை முதல் புரட்டாசி வரை தேய்ந்த டயரில் ஓட்டுபவருக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. சாலையைத் தொடும் இடத்தில் டயரின் அகலம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். சாலையில் 3 மி.மீ. தண்ணீர். கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகிறது, அதாவது நொடிக்கு 22 மீட்டர். இந்த மூன்றையும் பெருக்கினால் பத்து லிட்டர் வருகிறது. ஒரே ஒரு முன் டயர் ஒவ்வொரு நொடியும் ஒரு வாளித் தண்ணீரைத் தன் காலடியிலிருந்து அப்புறப்படுத்தியாக வேண்டும். தரையைத் தொடும் அந்த உள்ளங்கை அளவு பரப்பின் நீளமும் 15 செ.மீ. என்றால், அதைக் கடக்க ஒரு துளிக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஏழு பங்குதான். நாம் ஒருமுறை கண் இமைப்பதற்குள் பத்துப் பதினைந்து முறை அந்த இடம் நிரம்பி வடிந்துவிடுகிறது.

இதை நம் ஊர் மழைநீர் வடிகாலாகவே நினைத்துப் பாருங்கள். டயரைச் சுற்றி ஓடும் மூன்று நான்கு பெரிய பள்ளங்கள் பக்கிங்ஹாம் கால்வாய். அவற்றிலிருந்து தோள்பட்டைப் பக்கம் பிரியும் சாய்வான பள்ளங்கள் தெருவோரக் கால்வாய்கள். பட்டன் மேல் பிளேடால் கீறினதுபோல் இருக்கும் மெல்லிய கோடுகள் வீட்டு வாசல் தூம்பு. கடைசிப் பூச்சுத் தண்ணீரை அவைதான் உறிஞ்சி ரப்பரையும் தாரையும் நேருக்கு நேர் தொடவைக்கின்றன. புது டயரில் பெரிய கால்வாயின் ஆழம் ஏறத்தாழ 8 மி.மீ. பரப்பில் மூன்றில் ஒரு பங்கு பள்ளம் என்றால், 3 மி.மீ. தண்ணீரில் பெரும்பகுதியை அது அப்படியே விழுங்கிவிடும், மிச்சம் பக்கவாட்டில் வழியும். 1.6 மி.மீ. வரை தேய்ந்த டயரின் கொள்ளளவு அதில் ஐந்தில் ஒரு பங்கு. தூர்ந்துபோன வடிகாலில் அதே பெருமழை. ஊரில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஆனால் ஊர் வெள்ளம் வடிய மூன்று நாள் ஆனாலும் வடியும். டயருக்கு அந்த அவகாசம் கிடையாது. வடிய முடியாத தண்ணீர் டயருக்கு முன்னால் ஆப்பு மாதிரி குவிந்து, அடியில் புகுந்து, டயரைத் தரையிலிருந்து தூக்கிவிடுகிறது. ஏரியில் வீசிய ஓட்டாஞ்சில்லு தத்திக்கொண்டு போகிறதே, அதே நிலை. ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். திருப்பினால் கார் திரும்பாது, பிரேக் மிதித்தால் நிற்காது.

எந்த வேகத்தில் தூக்கும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எதிர்த்து வரும் தண்ணீரின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. டயர் தரையை அழுத்துவதோ, கிட்டத்தட்ட உள்ளே அடைத்த காற்றின் அழுத்தத்தோடுதான். முன்னது பின்னதை எட்டும்போது டயர் மிதக்கிறது. தண்ணீர் தேங்கிய ஓடுபாதையில் விமானங்கள் வழுக்கியதைப் பற்றி நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் ஆராய்ந்த வால்டர் ஹோர்னும் சக ஆய்வாளரும் 1963இல் இதை ஒரு சூத்திரமாக வெளியிட்டார்கள். நமக்குப் பழகிய அளவில் சொன்னால், டயரின் பிஎஸ்ஐ எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து 16.6ஆல் பெருக்கினால் மிதக்கும் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 33 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 95 கி.மீ. காற்று இறங்கி 25 ஆகிவிட்டால் 83 கி.மீ. பள்ளம் கொள்ளாத அளவு தண்ணீர் நிற்கும்போது பொருந்தும் கணக்கு இது. பிடிமானம் குறையத் தொடங்குவது அதற்கும் முன்பே.

இந்தச் சூத்திரத்தில் காரின் எடை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எடை கூடினால் டயர் தரையில் படும் பரப்பும் கூடிவிடுகிறது, அழுத்தம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. “நம்ம வண்டி வெயிட்டு, ரோட்டோட ஒட்டிக்கும்” என்ற நம்பிக்கை நிற்கும் தண்ணீரில் செல்லாது. அகலமான டயர் போட்டால் பிடிமானம் கூடும் என்ற விளம்பரமும் அப்படியே. அகலம் கூடினால் நொடிக்கு ஒரு வாளி ஒன்றேகால் வாளியாகிறது. நைட்ரஜனுக்குத் தனியாகக் காசு கேட்பவரிடம், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது என்று சொல்லுங்கள். அந்தக் காசை ஒரு பிரஷர் கேஜுக்குக் கொடுக்கலாம்.



இப்போது செகண்ட்ஸ் டயர். பட்டன் நன்றாக இருப்பது போலத் தெரியும் சில டயர்களின் பள்ளங்கள் சூடான கத்தியால் திரும்ப வெட்டியவை. வடிகாலைத் தூர் வாருகிறேன் என்று அஸ்திவாரத்தைத் தோண்டுவது இது. கார் டயரில் பள்ளத்துக்கு அடியில் மெல்லிய ரப்பர்தான் மிச்சம், அதற்குக் கீழே எஃகுக் கம்பி வலை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டயர் விளிம்பில் டிடபிள்யூஐ என்ற எழுத்தையோ சிறு முக்கோணத்தையோ தேடுங்கள். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும், உயரம் 1.6 மி.மீ. விரலை விட்டுத் தடவுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தும் மேடு இல்லையென்றால், அல்லது நடுவில் அறுபட்டிருந்தால், டயர் வெட்டப்பட்டது. உண்மையிலேயே பட்டன் உள்ள டயரிலும் ஆபத்து உண்டு. காற்றில்லாமல் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் பக்கச்சுவருக்குள் நூல்கள் நைந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ரப்பர் வெயிலிலும் ஓசோனிலும் இறுகி வெடிப்பதும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நடக்கிறது. ஆகவே என் தீர்ப்பு: செகண்ட்ஸ் வேண்டாம்.

மிச்சம் பிடிக்க வேறு வழி இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் காருக்குக் கேட்பது ஒவ்வொரு டயரிலும் குறைந்தது 1.6 மி.மீ. பள்ளம். நாலையும் ஒன்றாக மாற்றச் சொல்லவில்லை. வாசகரின் முன் டயர்கள் மேட்டைத் தொட்டுவிட்டன, பின் டயர்களில் 4 மி.மீ. இருக்கிறது. இரண்டு வாங்கினால் போதும். புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள், பின்னால் இருப்பது முன்னால் வரட்டும். முன் டயர் வழுக்கினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க, வேகம் குறைந்து பிடிமானம் திரும்ப வாய்ப்புண்டு. பின் டயர் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றிவிடும். என்ஜின் முன் சக்கரத்தை இழுக்கும் காருக்கும் இதுவே பொருந்தும்.

கடையில் பார்க்க வேண்டியதெல்லாம் டயரிலேயே அச்சாகியிருக்கிறது. 185/65 ஆர்15 88எச் என்றிருந்தால் 88 என்பது 560 கிலோ தாங்கும், எச் என்பது 210 கி.மீ. வேகம் வரை தாங்கும் என்று பொருள். கார் கையேட்டில் உள்ளதைவிட இவை குறையக்கூடாது, அதற்கு மேல் காசு கொடுக்கவும் தேவையில்லை. ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். டிஓடி வரிசையின் கடைசி நான்கு இலக்கம் பிறந்த தேதி: 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று வருடம் கிடங்கில் கிடந்த டயரைத் தள்ளுபடி என்று நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சட்டம் 1.6 என்றாலும் நம் வடகிழக்குப் பருவமழைக்கு 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுங்கள். டயர் மாற்றும் அன்றே அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் நான்கு இலக்கத்தையும் படியுங்கள். எட்டு வருடக் காரில் அது பெரும்பாலும் கார் வாங்கிய அன்று வந்த அதே டயர்தான்.