போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு

நியூயார்க்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டுச் சிங்கப்பூர் திரும்பினால், பழைய மாணவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை மணி நேரம் டீச்சர்?" நேர் விமானத்தில் ஏறக்குறைய 18½ மணி. தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். உலகிலேயே மிக நீண்ட பயணிகள் விமானச் சேவைகளில் ஒன்று இது.

புவியியல் கற்றுக்கொடுத்தவளுக்கு இந்த இரண்டு ஊர்களைப் போல இன்னொரு நல்ல பாடம் கிடைக்காது. சிங்கப்பூர் 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது, நியூயார்க் 74 பாகை மேற்கில். கூட்டினால் 178. இன்னும் 2 பாகை இருந்தால் நேர் எதிர்த் தீர்க்கரேகை. ஆகவே மிகக் குறுகிய வழி, வட துருவத்தை உரசிக்கொண்டு போகிறது. பூகோள உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் குழந்தைக்கும் இது புரியும்.

ஆனால் விமானம் அந்த நூல் வழியே போவது அபூர்வம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு காற்றாறு ஓடுகிறது. 1920களில் ஜப்பானிய வானிலை அறிஞர் வாசாபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு அதன் வேகத்தை அளந்தார். குளிர்காலத்தில் அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதுண்டு. விமானி அதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் நூல் வழியே போனால் 17 மணி நேரம். ஆயிரம் கிலோமீட்டர் சுற்றினாலும், பின்காற்று மணிக்கு 100 கிலோமீட்டர் கூட்டித் தள்ளிவிட்டால் 16 மணி 20 நிமிடத்தில் முடிந்துவிடும்! (ஏறி இறங்கும் நேரம் தனி.) அதனால்தான் போகும்போது பசிபிக் வழியாகக் கிழக்கே போகிற விமானம், திரும்பும்போதும் பல நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கே வருகிறது. போய்வந்தால் உலகையே ஒரு சுற்றுச் சுற்றியாகிவிடும். எனக்கு இதில் அலுக்காத சந்தோஷம்.

கோடையில் இரு ஊர்களுக்கும் நேர வித்தியாசம் சரியாக 12 மணி. கைக்கடிகார முள்ளைத் தொடவே வேண்டாம்.

2004இல் இந்த நேர் சேவை தொடங்கியபோது நான்கு இன்ஜின் விமானம் ஓடியது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நின்றது. இரண்டு இன்ஜின் ஏர்பஸ் ஏ350 வந்த பிறகு, 2018இல் மீண்டும் தொடங்கியது. இவ்வளவு தூரத்துக்கான எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் வேண்டும் என்பதால் பயணிகள் எண்ணிக்கையைக் குறைத்து 161 இருக்கைகள் மட்டும் வைத்தார்கள். அவற்றில் எகானமி ஒன்றுகூட இல்லை. பேரப்பிள்ளை பிறந்ததைப் பார்க்கப் போகும் சாதாரணக் குடும்பத்துத் தாய் தகப்பனுக்கு இது எட்டாத விலை என்பது எனக்கு வருத்தம்தான்.

அவர்களை நான் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போகச் சொல்கிறேன். சில மணி நேரம் கூடும். ஆனால் நடுவழியில் இறங்கி, வீங்கிய கால்களோடு கொஞ்ச தூரம் நடக்கலாம்.